மின்மோட்டரின் காவற் கடதாசி: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மின்மோட்டர் இயங்கும் விதத்தை விளக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் இரண்டு உலோகங்களைப் பற்றியே பேசுகின்றன. செம்பு மின்னோட்டத்தைக் கடத்துகின்றது; இரும்பு காந்தப்பாயத்துக்கு வழியமைக்கின்றது; இவ்விரண்டினதும் இடைத்தாக்கத்தினாற் சுழற்சி பிறக்கின்றது. இவ்விளக்கம் பிழையானதன்று, முழுமையானதுமன்று. செம்பையும் இரும்பையும் ஒன்றையொன்று தொடவிடாது பிரித்துவைக்கும் மூன்றாவது பொருளொன்று மோட்டரினுள் உண்டு. அது மின்னைக் கடத்துவதில்லை, காந்தத்துக்கு உதவுவதில்லை, தன்பங்காக எந்த வலுவையும் தருவதுமில்லை. ஆயினும் பெயாரிங் தேய்ந்தால் அதனைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். இம்மூன்றாவது பொருள் கருகினாலோ மோட்டரை முற்றாக அவிழ்த்து மீளச் சுற்றவேண்டும். சிறிய மோட்டராயின் எறிந்துவிடுவதும் உண்டு.

இலங்கையின் விஞ்ஞானத் தமிழில் இப்பொருளுக்குக் 'காவலி' என்று பெயர். தமிழகத்தில் 'மின்காப்பு' என்பர். 'காவலி' என்ற சொல்லில் வாயிலில் நிற்கும் காவற்காரனின் சாயல் உண்டு. பொருளின் இயல்புக்கு அது பொருத்தமே. காவற்காரனும் எதையும் உற்பத்தி செய்வதில்லை. அவன் உறங்கும் இரவிலேதான் அவனுடைய பயன் தெரியவருகின்றது.

காவலிகள் பலவகைப்படும். ஈண்டு ஆராயப்படுவது வளைத்து மடிக்கத்தக்க அடுக்குக் காவற் கடதாசி. 'கடதாசி' என்பது தொழில்வழக்கேயாகும். அதனுள் உண்மையான கடதாசி இல்லாதிருப்பதும் உண்டு. பொலியெஸ்ரர் படலமொன்றின் இருபுறமும் பொலியெஸ்ரர் நாராலான, நெய்யப்படாத மெல்லிய விரிப்பை ஒட்டிய மூவடுக்குத் தாளே இன்று சிறிய, நடுத்தர மோட்டர்களிற் பரவலாகப் பயன்படுவது. டேக்ரன், மைலார், டேக்ரன் எனும் வணிகப் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கொண்டு அதனை 'டி.எம்.டி.' என அழைப்பர். கூடிய வெப்பத்துக்குரிய மோட்டர்களில் இருபுறமும் நொமெக்ஸ் எனும் கடதாசி இடம்பெறும். இத்தகைய தாள் ஏன் ஒரே பொருளால் ஆகாது மூன்று அடுக்குகளாக அமைந்தது என்பதும், அவ்வடுக்குகளின் இடத்தில் முன்னர் எவருடைய உழைப்பு இருந்தது என்பதும் தனித்தனியான வினாக்கள் போலத் தோன்றலாம். ஒன்றை விடுத்து மற்றதற்கு விடைகாண இயலாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மோட்டரின் அசையாத பகுதியாகிய நிலையியின் உட்புறத்தில் நீளவாட்டிற் பல தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கும். தொழிலாளர் இவற்றைச் 'சிலொட்' என்பர். மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கியே நிலையி ஆக்கப்படுவதால் தவாளிப்பின் சுவர் வழவழப்பாயிராது. தகடுகளின் விளிம்புகள் கத்திபோல் நிற்கும். கடதாசியை அளவாக வெட்டி, வளைத்து, ஒவ்வொரு தவாளிப்பினுள்ளும் செருகுவர். அதன் இரு முனைகளும் சற்றே வெளியே நீண்டு, சட்டையின் கைமடிப்பைப்போல மடிக்கப்பட்டிருக்கும். கம்பிச் சுருள் வெளியே வந்து திரும்பும் அம்மூலையிலேயே கடதாசி கிழியும் அபாயம் மிகுதி. எனாமல் பூசிய செப்புக் கம்பிகளை அதன்பின் ஒவ்வொன்றாகவோ கற்றையாகவோ உள்ளே இறக்கி, தவாளிப்பின் வாயைக் கடதாசி மூடியாலும் ஆப்பாலும் அடைப்பர். வெவ்வேறு அவத்தைகளுக்குரிய சுருள்கள் ஒன்றன்மேலொன்று படியும் இடங்களிலும் கடதாசித் துண்டுகள் வைக்கப்படும். ஈற்றில் முழுவதையும் வார்னிஷில் அமிழ்த்தி அடுப்பில் உலர்த்துவர்.

இந்த வேலைமுறையை அறிந்தாலன்றி மூவடுக்கின் காரணம் விளங்காது. கடதாசி முதலில் கையின் முரட்டுத்தனத்தைத் தாங்கவேண்டும், பின்னர் தகட்டு விளிம்பின் கூர்மையை, பின்னர் மின்னழுத்தத்தை, கடைசியாகப் பல்லாண்டுக் கால வெப்பத்தை. பொலியெஸ்ரர் படலம் மின்னழுத்தத்தைத் தாங்குவதில் மிக வல்லது. ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு தடிப்புள்ள படலமே சில ஆயிரம் வோல்ற்றைத் தாங்கும். ஆனால் விளிம்பில் ஒரு சிறு வெட்டு விழுந்துவிட்டால் அது அங்கிருந்து கிழிந்துகொண்டே போகும், வழுக்கும், வார்னிஷை ஏற்காது. நார்விரிப்போ இதற்கு மறுதலையானது. நுண்துளைகள் நிறைந்ததாதலால் மின்னைத் தடுப்பதில் அது பெரிதும் பயனற்றது. ஆயினும் அதே துளைகளே வார்னிஷை உறிஞ்சிக்கொள்வதால் செம்பு, கடதாசி, இரும்பு ஆகிய மூன்றும் இறுகிப் பிணைந்து, கம்பிகள் அதிராது நிற்கின்றன. படலத்துக்கு அது மெத்தையுமாகின்றது. எனவே ஒன்றின் குறையை மற்றதன் குணத்தால் ஈடுசெய்யும் ஏற்பாடே அடுக்கு எனலாம். தடிப்பு மூன்று அடுக்குகளும் சேர்ந்து ஒரு மில்லிமீற்றரின் கால் பங்கு அளவினதே.

வீடுகளிலும் தொழிற்சாலைகளிலும் நாம் காணும் மோட்டர்கள் 230 அல்லது 400 வோல்ற்றில் இயங்குவன. அவற்றுக்கு இத்துணை மெல்லிய தாள் போதுமா, இன்னுந் தடிப்பாக இட்டாலென்ன என்ற வினா இயல்பானது. தவாளிப்பின் இடம் வரையறைப்பட்டது. கடதாசி எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு துளி இடமும் செம்பிடமிருந்து பறிக்கப்பட்டதாகும். அதனினும் முக்கியமான முரண்பாடொன்று உண்டு. மின்னைத் தடுக்கும் பொருள்கள் பெரும்பாலும் வெப்பத்தையும் தடுப்பவை. செம்பிற் பிறக்கும் வெப்பம் இக்கடதாசியை ஊடுருவியே இரும்புக்குச் சென்று வெளியேற வேண்டும். தடிப்பான காவலி மின்னைச் சிறப்பாகத் தடுத்து, வெப்பத்தைச் சிறைப்படுத்தி, அவ்வெப்பத்தால் தானே அழிந்துபோகும். மோட்டர் வடிவமைப்பின் கணிசமான பகுதி இம்முரண்பாட்டைச் சமாளிப்பதே.

இதன் சமூக முக்கியத்துவம் சிறிதன்று. மாக்ஸ் தமது 'மூலதன'த்தின் முதற்பாகத்தில் (1867) வளர்ச்சியுற்ற இயந்திரத்தொகுதியை இயக்கும் பொறி, இயக்கத்தைக் கடத்தும் பொறி, வேலைசெய்யும் கருவி என மூன்றாகப் பகுத்தார். அவர் கண்ட தொழிற்சாலையில் ஒரு நீராவி எஞ்சின் இருந்தது. அதிலிருந்து நீண்ட அச்சுத்தண்டுகளும் வார்ப்பட்டிகளும் கட்டிடமெங்கும் ஓடின. மின்மோட்டரே பின்னர் அவ்வச்சுத்தண்டுகளை அகற்றி, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி இயக்கியை அளித்தது. அதற்கு மோட்டர் சிறியதாகவும் மலிவானதாகவும் ஆகவேண்டியிருந்தது. 1897இல் 7.5 குதிரைவலு மோட்டர் பிடித்த இடத்தினுள் இன்று 100 குதிரைவலு மோட்டர் அடங்குகின்றது. இதற்கு உருக்குத் தகட்டின் மேம்பாடும் காற்றோட்ட அமைப்பும் காரணங்களே. எனினும் செம்பைக் கூடிய வெப்பத்தில் வேலைவாங்க இடமளித்தவை காவலிகளே.

வெப்பத்துக்கும் காவலியின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு படிப்படியாகவே வகுக்கப்பட்டது. 1913இல் ஸ்ரைன்மெற்ஸ், லாம் ஆகிய இரு அமெரிக்கப் பொறியியலாளர் காவலிகளை அவை தாங்கும் வெப்பத்துக்கேற்ப வகுக்க முனைந்தனர். 1930இல் மொன்ற்சிங்கர் நிலைமாற்றிகளின் காவலியை ஆராய்ந்து, வெப்பநிலை ஏறத்தாழ 8 பாகை செல்சியஸ் ஏறுந்தோறும் ஆயுள் பாதியாகின்றது எனக் கண்டார். தொழில்வழக்கில் இது பத்துப் பாகை விதியாகச் சுருங்கிற்று. 1948இல் டாக்கின் இதனை இரசாயனத் தாக்க வீதத்தின் விதியோடு இணைத்து விளக்கினார். காவலி திடீரென இறப்பதில்லை. நாள்தோறும் இரசாயன மாற்றத்துக்குட்பட்டு முதுமையடைகின்றது என்பதே அவர் விளக்கத்தின் சாரம்.

இவற்றின் வழிவந்ததே மோட்டரின் பெயர்த்தகட்டிற் காணப்படும் எழுத்து. 'ஏ' வகுப்பு 105 பாகை, 'ஈ' 120, 'பி' 130, 'எவ்' 155, 'எச்' 180. இவ்வெல்லைகள் சுற்றுப்புற வெப்பத்தையும் உள்ளடக்கியவை. ஆதலால் நமது நாட்டின் பகல் வெப்பமே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இன்னுமொன்று: எழுத்து தனியொரு பொருளின் தகுதியன்று, முழுத் தொகுதியின் தகுதி. கடதாசி, அடுக்குகளை ஒட்டிய பசை, கம்பியின் எனாமல், வார்னிஷ் ஆகியவற்றுள் எது தாழ்ந்ததோ அதுவே மோட்டரின் வகுப்பை நிர்ணயிக்கும். டி.எம்.டி. கடதாசியிலேயே இருதரம் உண்டு. நார்விரிப்பு பிசினை முற்றாக உட்கொண்டதாயின் பொதுவாக 'எவ்' வகுப்பு, அன்றேல் 'பி'. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

மோட்டர் சுற்றும் சிறு பட்டறைகளின் நிலையை இங்கு நோக்கவேண்டும். கிணற்றில் நீரிறைக்கும் மோட்டரொன்று கருகிப் பட்டறைக்கு வருகின்றது. பெயர்த்தகடு 'எவ்' என்கின்றது. சுருளிலிருந்து அளவுத்துண்டாக வெட்டி விற்கப்படும் கடதாசி எத்தகையது என்பதைச் சுற்றுபவர் அறிய வழியில்லை. 25 பாகை தாழ்ந்த கடதாசியை இட்டால் மோட்டர் அன்றே ஓடும், கூலியும் கிடைக்கும், அதன் விளைவு அடுத்த கோடையிலே தெரியவரும். மின்னழுத்தம் தாழ்ந்த இடமாயின் நிலைமை மேலும் மோசமாகும். அதே நீரை இறைக்க மோட்டர் கூடிய மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் நூற்றுக்குப் 10 கூடினால் செம்பிற் பிறக்கும் வெப்பம் நூற்றுக்கு 21 கூடும். இக்கணக்கைப் பத்துப் பாகை விதியோடு சேர்த்துப் பார்த்தால், 'மோட்டர் சரியில்லை', 'சுற்றியவன் சரியில்லை' என்று வழமையாகச் சுமத்தப்படும் பழிகள் எத்துணை மேலோட்டமானவை என்பது புலனாகும். கமக்காரன் இரண்டாந்தடவையும் செலவழிக்கின்றான். சுற்றியவர் பெயரை இழக்கின்றார். கடதாசியை வெட்டி விற்றவரை எவரும் தேடுவதில்லை.

சுற்றுபவரின் உடல்நலமும் இதில் அடங்கும். பழைய சுருளை அகற்றுவதற்கு அதனைத் தீயிட்டு எரிக்கும் வழக்கம் உண்டு. எரிவது வார்னிஷும் பொலியெஸ்ரரும் மட்டுமன்று. வெப்பந் தாங்கும் பழைய மோட்டர்கள் சிலவற்றில் கல்நார் காவலியாகப் பயன்பட்டது. அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. வகுப்பு எழுத்து இயந்திரத்தின் ஆயுளைச் சொல்லும். இதைச் சொல்லும் எழுத்து தகட்டில் இல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1831இல் மைக்கல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த இரும்பு வளையத்தில், செப்புச் சுருள்களைப் பிரித்துவைத்தவை நூலும் கலிக்கோத் துணியுமே. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி தமது மின்காந்தங்களுக்குக் கம்பியைப் பட்டினாற் சுற்றினார். கலிக்கோ என்ற பெயர் கள்ளிக்கோட்டையிலிருந்து வந்தது. பரடேயின் காலத்தில் இங்கிலாந்தின் இயந்திர ஆலைகள் அத்துணியைத் தாமே நெய்து, இந்திய நெசவாளரின் சந்தையை விழுங்கிக்கொண்டிருந்தன. மின்பொறியியலின் தொட்டிலிலே காவலியாகக் கிடந்தது இந்தப் பெயரைத் தாங்கிய துணியே என்பது தற்செயல்தான். ஆயினும் அது எத்தகைய உலகிற் பிறந்தது என்பதை இத்தற்செயல் காட்டுகின்றது.

துணி, பட்டு, அழுத்திய கடதாசி, ஆளிவிதை எண்ணெய் பூசிய துணி என்பனவே தொடக்கத்தில் மோட்டரின் காவலிகளாயிருந்தன. எண்ணெய்த் துணியின் வணிகப் பெயர்களுள் ஒன்று 'எம்பயர்', அதாவது பேரரசு. இவையனைத்தும் தாவர, விலங்கு நார்கள், ஈரத்தை உறிஞ்சுவன, 105 பாகைக்கு மேல் கருகுவன. கூடிய வெப்பத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் ஈடுகொடுத்த ஒரே இயற்கைப் பொருள் மைக்காவாகும். ஆனால் மைக்காத் தகடு சிறியது, வளையாதது. எனவே மெல்லிய இதழ்களாகப் பிளந்து, அவற்றை அவலரக்கினால் ஒட்டி, வேண்டிய அளவுத் தாளாக ஆக்கினர். 1890களின் தொடக்கத்தில் 'மைக்கனைற்று' என்ற பெயரில் இது சந்தைக்கு வந்தது. கடதாசியையோ துணியையோ பின்புறத்தில் ஒட்டி வளையத்தக்கதாக்கிய மைக்காத் தாள்கள், இன்றைய அடுக்குக் கடதாசியின் நேர் மூதாதையர்.

இம்மூதாதையரின் பிறப்பிடம் எது? உலகச் சந்தைக்கு மெல்லிதழ் மைக்காவை மிகுதியாக அளித்தது சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தின் கொடர்மா, கிரிதி, ஹசாரிபாக் பகுதி. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டமும் ஒரு பங்கை அளித்தது. ஒட்டும் பசையாகிய அரக்கும் பெருமளவில் அதே மேட்டுநிலத்தினதே. புரசு, பூவம், இலந்தை மரங்களின் சுள்ளிகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை முண்டா, ஒராவோன் முதலிய ஆதிவாசி மக்கள் சேகரித்தனர். பாரதக் கதையின் அரக்கு மாளிகையால் நாம் அறிந்த அதே அரக்கு. பேர்லினிலோ பிற்ஸ்பேர்க்கிலோ செய்யப்பட்ட மோட்டரின் தவாளிப்பினுள், அடுக்காகவும் அடுக்கை ஒட்டிய பசையாகவும், ஒரே மேட்டுநிலத்தின் கனியமும் காடும் குடியிருந்தன. 1899–1900இல் பிர்சா முண்டாவின் தலைமையில் அம்மக்கள் நிலத்துக்காகவும் காட்டுக்காகவும் கிளர்ந்தெழுந்த காலம், மைக்கனைற்று மேலைநாட்டுத் தொழிற்சாலைகளிற் பரவிய காலமுமாகும்.

மைக்காவைப் பிளப்பது கைவேலை. ஒரு மில்லிமீற்றரின் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிப்புள்ள இதழ்களாக அதனைக் கத்தியாற் பிரிப்பவர் பெரும்பாலும் பெண்களும் சிறுவரும். தொழிற்கூடத்தில் மட்டுமன்றி வீடுகளிலும், துண்டுக்கூலிக்கு, இவ்வேலை நடந்தது. 'இயந்திரத்தாற் செய்யமுடியாத நுண்வேலை' எனத் தொழில்நுட்ப நூல்கள் இதனைப் போற்றும். அப்போற்றுதலை ஐயத்துடனேயே ஏற்கவேண்டும். கூலி அத்துணை மலிவாயிருந்த இடத்தில் இயந்திரம் அமைக்க முதலாளிக்கு அவசரம் இருக்கவில்லை என்பதும் உண்மையின் ஒரு பகுதி. இரண்டாம் உலகப் போரில் மைக்கா போர்முக்கியத்துவப் பொருளாகி, பிரித்தானியாவும் அமெரிக்காவும் கூட்டாகக் கல்கத்தாவில் கொள்முதற் குழுவொன்றை அமைத்தபோதும், அதன் அடித்தளம் இக்கத்திகளே.

பதிலீட்டுக்கான தேட்டம் முன்னரே தொடங்கிவிட்டது. நியூயோர்க் மாநிலத்தில் ஆய்வு நடத்திய பேக்லண்ட் நாடியது அவலரக்குக்கு மாற்றீடு. மின்தொழிலின் பெருக்கத்தால் அரக்கின் தேவை கூடியிருந்தது. 1907இல் உரிமம் கோரி, 1909இல் அவர் உலகுக்கு அறிவித்த பேக்லைற்று, முற்றிலும் செயற்கையான முதற் பிளாத்திக்கு ஆயிற்று. வெஸ்ரிங்ஹவுஸ் கம்பனியிற் பணிபுரிந்த ஓகொனர், பேபர் இருவரும் அப்பிசினை அடுக்குகளில் ஊறவைத்து மைக்காவுக்குப் பதிலான காவலி செய்து, 1913இல் சின்சினாற்றியில் தனிக் கம்பனி தொடங்கினர். அதன் பெயர் போர்மைக்கா. ஆங்கிலத்தில் 'மைக்காவுக்காக', அதாவது மைக்காவுக்குப் பதிலாக, என்பதே அதன் பொருள். இன்று சமையலறை மேசைகளின் மேற்பரப்பாக மட்டுமே அதனை அறிந்தோர், தாம் உச்சரிக்கும் பெயரில் கொடர்மாவின் சுரங்கம் ஒளிந்திருப்பதை அறியார்.

ஆயின் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் பொருளாதாரத் தேவையின் நேரடிப் பிரதிபலிப்பு என்று கொள்வது இயந்திரப்பாங்கான வாதமாகும். இலக்கியத்தைப் போலவே தொழில்நுட்பத்திலும் அது நம்மை வழிதவறச் செய்யும். பொலியெஸ்ரரின் வரலாறு இதற்குச் சான்று. அமெரிக்காவில் கரொதர்ஸ் ஆக்கிய தொடக்ககாலப் பொலியெஸ்ரர்கள் எளிதில் உருகின, நீரால் சிதைந்தன, அவர் நைலோனுக்குத் திரும்பினார். விடுபட்ட இடத்திலிருந்து தொடங்கி, மூலக்கூற்றுச் சங்கிலியில் விறைப்பான வளையங்களைச் சேர்த்து 1941இல் வெற்றிகண்டவர்கள் வின்பீல்ட், டிக்சன் எனும் ஆங்கில இரசாயனவியலாளர். அவர்கள் நாடியது ஆடைக்கான நார், மோட்டருக்கான காவலியன்று. அவர்களை வேலைக்கமர்த்தியிருந்த நிறுவனம் மன்செஸ்ரரின் கலிக்கோ அச்சிடுவோர் சங்கம். பரடேயின் வளையத்திலிருந்த துணியின் பெயர் நூற்றுப்பத்து ஆண்டுகளின் பின் இவ்வாறு திரும்பிவந்தது. 1950களில் இப்பொருள் படலமாகவும் வெளிவந்தது. டியூபொன் கம்பனி மைலார் என்றும், பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. கம்பனி மெலினெக்ஸ் என்றும் பெயரிட்டன. மின்தொழில் அதனைக் கையிலெடுத்துக் கடதாசியுடனும், பின் நார்விரிப்புடனும் அடுக்கியது. 1967இல் டியூபொன்னின் நொமெக்ஸ் வணிகத்துக்கு வந்தபின் வெப்ப எல்லை மேலும் உயர்ந்தது.

பொலியெஸ்ரரின் பழைய பலவீனம் முற்றாக நீங்கிவிடவில்லை. அமிலமும் அற்ககோலும் இணைந்து நீரை வெளியேற்றுகையில் எசுத்தர் உண்டாகின்றது. வெப்பமும் நீரும் ஒருங்கே வாய்த்தால் அத்தாக்கம் பின்னோக்கித் திரும்பிச் சங்கிலிகள் அறுபடும். ஆகவேதான் குளிர்சாதனப் பெட்டியின் மூடப்பட்ட அமுக்கிக்குள் செல்லும் மோட்டரை ஈரம் அணுவளவுமின்றி உலர்த்துகின்றனர்.

மைக்காவும் அழிந்துவிடவில்லை. காவலியினுள் அகப்பட்ட காற்றுக் குமிழ்களில் உயர் மின்னழுத்தத்தால் நிகழும் நுண்ணிய மின்னிறக்கத்தைச் சேதனப் பொருள்கள் நெடுங்காலம் தாங்கமாட்டா, மைக்கா தாங்கும். எனவே நீர்மின் நிலையங்களின் பெரும் மின்பிறப்பாக்கிகளில் அதுவே இன்றும் ஆட்சிசெய்கின்றது. ஆனால் இதழாக அன்று. கழிவு மைக்காவைக் கூழாக்கி, கடதாசி ஆலையிற்போல் தாளாக வார்க்கும் முறை இரண்டாம் உலகப் போரின் பின் பரவிற்று. கத்திகொண்டு இதழ் பிரிக்கும் கைத்திறன் இதனால் விலையிழந்தது. 1980இல் இந்தியாவின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் பல சுரங்கங்கள் உரிமமின்றி மூடப்பட்டன. பெருங் கொள்வனவாளராயிருந்த சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. கொடர்மா, கிரிதி மாவட்டங்களிற் கைவிடப்பட்ட குழிகளிலிருந்து குடும்பங்கள் துணுக்கு மைக்காவைத் தோண்டிப் பொறுக்குவதையும், மண்சரிவில் சிறுவர் இறப்பது மறைக்கப்படுவதையும் 2016இல் செய்தியாளர் வெளிப்படுத்தினர். அத்துணுக்கு எடைபோட்டு வாங்கப்படுகின்றது. பல கைகள் மாறிச் செல்கின்றது. கார்களின் வண்ணப்பூச்சுக்கும், முகப்பூச்சின் மினுக்கத்துக்கும், மின்பிறப்பாக்கியின் காவற் கடதாசிக்கும் மூலப்பொருளாகின்றது.